பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஹீட்டரும் மின்சாரமும் சேர்ந்து மக்கர் செய்தால் எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான். 1972 மாடல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (மேல்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்). ஹீட்டர் விசிறி நினைத்தால் சுற்றுகிறது, நினைத்தால் நின்றுவிடுகிறது. சுற்றும்போதும் சூடான காற்று வருவதில்லை. டேஷ்போர்டில் உள்ள ஹீட் குமிழ் இறுகிக் கிடக்கிறது, திருப்ப முடியவில்லை. இண்டிகேட்டர் சோம்பலாக அடிக்கிறது. பெட்ரோல் முள் இன்று காட்டுவதை நாளை காட்டுவதில்லை. ஹெட்லைட் மங்கல். பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங் ஹார்னஸ் (கார் முழுதும் ஓடும் ஒயர்க் கட்டு) முழுவதையும் ஹீட்டர் பெட்டியையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பாதி ஒரே மின்பாதையில் வருகின்றன. ஹெட்லைட் தனிக்கதை. மீதிக்கு, ஹீட்டருக்குள் ஓடும் எஞ்சின் தண்ணீரும் ஒரு கேபிளும்தான் காரணமாக இருக்கும். ஐம்பது வயதான காரில் பாகங்கள் செத்துப் போவது குறைவு. பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் செத்துப் போவதுதான் அதிகம். புது ஹார்னஸ் போட்டாலும் பழைய ஃபியூஸ் பெட்டியிலும் பழைய ஸ்விட்சிலும்தான் கொண்டுபோய்ச் செருகப் போகிறார்கள். கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கார்களின் மின்கருவிகளைச் செய்த லூகாஸ் நிறுவனத்தை "இருட்டின் இளவரசர்" என்று கிண்டல் செய்வது ஆங்கிலேயக் கார் பிரியர்களிடம் பழைய வழக்கம். எனக்கு அந்தக் கிண்டலில் அவ்வளவு உடன்பாடு கிடையாது. எந்தச் சுற்றுக்கு எந்த நிறம் என்று அவர்கள் வகுத்த முறை இன்றைக்கும் வேலையைச் சுலபமாக்குகிறது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃபியூஸ் கிடையாது. வெள்ளை, சாவி போட்ட பிறகு வருவது, அதற்கும் ஃபியூஸ் கிடையாது. பச்சை, சாவி போட்டு ஃபியூஸ் தாண்டி வருவது. ஊதா, சாவி இல்லாமலே ஃபியூஸ் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கருப்பு எர்த், அதாவது காரின் உலோக பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை. இந்த ஏழையும் மனதில் வைத்துக்கொண்டால் வரைபடம் பாதி மனப்பாடம் ஆன மாதிரி.

கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பழுப்பு ஒயருக்கு ஃபியூஸ் இல்லை என்றேன் அல்லவா? டேஷ்போர்டுக்குப் பின்னால் வேலை செய்யும்போது ஸ்குரூடிரைவர் அதையும் பாடியையும் ஒருசேரத் தொட்டால், ஹார்னஸ் எரிந்த பிறகுதான் நிற்கும். ஆகவே அளக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேட்டரி கழற்றியே இருக்கட்டும். எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எம்.ஜி.பி. 1962-ல் வந்தபோது பாசிட்டிவ் எர்த். 1967 இறுதியில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தபோதுதான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. உங்களுடையது 1972 என்பதால் நெகட்டிவாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் இத்தனை வருடத்தில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள்! கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சரி, முதல் இடம் பேட்டரி. உங்கள் மாடலில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும்; 1974 வாக்கில்தான் ஒரே 12 வோல்ட் பேட்டரி வந்தது. இரண்டையும் இணைக்கும் அந்தக் குட்டைக் கேபிளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வண்டியின் அடியில், சாலைத் தண்ணீர் தெறிக்கும் உயரத்தில் அது இருக்கிறது. நான்கு முனைகளையும் கழற்றி, பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள். சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது மொத்தம் 12.6 வோல்ட் வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி வர வேண்டும். இவை வராவிட்டால் மேற்கொண்டு அளந்து பயனில்லை.

அடுத்தது எஞ்சினின் எர்த் பட்டை. உங்கள் ஹீட் குமிழ் ஏன் இறுகியது என்பதற்கான விடை இங்கே இருக்கலாம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரம் கடத்தாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்பிப் போவது கீழே ஒரு பின்னல் பட்டை வழியாகத்தான். கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கியவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால், அல்லது பட்டையே இற்றுப் போயிருந்தால், மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினிலிருந்து பாடிக்கு உலோகமாகப் போவது என்ன இருக்கிறது? ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், அப்புறம் ஹீட்டர் கேபிள். ஏனென்றால் இந்த வண்டியில் ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு, எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கிறது. அதை இயக்கும் கம்பி டேஷ்போர்டு வரை போகிறது. ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் கரிந்து, உறையோடு ஒட்டிக்கொள்ளும். டேஷ்போர்டு பக்கம் லேசாகக் கருகல் வாசனை வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதைச் சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் மறுமுனையை பாடியிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் பரவாயில்லை. இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் பட்டை போய்விட்டது. புதுக் கேபிள் வாங்கிப் போடும் முன் இதைச் சரிசெய்யாவிட்டால் புதுக் கேபிளும் அதே கதிதான்.

இப்போது விசிறி. பெரும்பாலானவர்கள் இங்கே மீட்டரைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். விசிறியின் பிளக்கைக் கழற்றி, ஒயரில் வோல்ட் அளந்து, 12 வருகிறது, ஆகவே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்சாரமே இழுப்பதில்லை. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். அடைத்துப்போன குழாயின் கடைசித் திருகை மூடிவைத்து அழுத்தம் பார்த்தால் முழு அழுத்தமும் தெரியும். திறந்துவிட்டால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும், அந்த மாதிரி. எனவே எல்லாம் இணைந்திருக்க, விசிறி ஓடும்போது, அல்லது ஓட முயலும்போது, அளக்க வேண்டும். பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் மீட்டருக்குப் பதில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு ஒயர் வைத்துப் பிடியுங்கள். அது முழு வெளிச்சத்தில் எரிந்தால் வரத்து நன்றாக இருக்கிறது. மங்கினால் வழியில் எங்கோ அடைப்பு.

ஓம் அளந்து கண்டுபிடிக்கலாமா என்றால், முடியாது. 0.2 ஓம் தடை உள்ள ஒரு மோசமான இணைப்பு, 5 ஆம்பியர் போகும்போது 1 வோல்ட்டைத் தின்றுவிடும். ஆனால் மீட்டரின் சொந்த ஒயருக்கே ஏறக்குறைய அவ்வளவு தடை இருப்பதால் ஓம் அளவில் அது கண்ணுக்குத் தெரியாது. வோல்ட்தான் கைகொடுக்கும்.

செய்முறை இப்படி. மீட்டரின் சிவப்பு முனையை ஒரு நீள ஒயர் வைத்து பேட்டரி பாசிட்டிவில் பிடித்துவிடுங்கள். சாவியைப் போட்டு விசிறி ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். கருப்பு முனையை வரிசையாக ஒவ்வொரு இடத்திலும் தொட்டுப் பாருங்கள்: சாவி ஸ்விட்சுக்குள் போகும் பழுப்பு, அதிலிருந்து வெளிவரும் வெள்ளை, ஃபியூஸ் பெட்டியில் வெள்ளை, ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பச்சை ஒயர், விசிறி ஸ்விட்சின் உள்முனை, வெளிமுனை, கடைசியில் மோட்டாரின் முனை. மீட்டர் காட்டுவது, பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை தொலைந்துபோன வோல்ட். மோட்டார் வரை மொத்தம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் திடீரென்று குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. அப்புறம் எர்த் பக்கம்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனை மோட்டாரின் கருப்பு ஒயரிலும். அங்கே 0.2-க்கு மேல் போகக்கூடாது.

என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்த எண் ஃபியூஸ் பெட்டியில்தான் குதிக்கும். ஹீட்டர் விசிறி, இண்டிகேட்டர், வைப்பர், பிரேக் லைட், பெட்ரோல் மானி எல்லாம் அதே பச்சைச் சுற்றில் இருக்கின்றன. கருவி எதுவும் இல்லாமலே இதைப் பார்க்கலாம். விசிறி ஓடும்போது பிரேக்கை மிதியுங்கள். விசிறியின் ஓசை சட்டென்று இறங்குகிறதா? இண்டிகேட்டர் அடிக்கும் வேகம் இன்னும் சோம்புகிறதா? இரண்டும் நடந்தால் எல்லாருக்கும் பொதுவான பாதையில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். விசிறி மோட்டார் அப்பாவி.

பானட்டைத் திறந்தால் வலப்பக்க உட்சுவரில் ஃபியூஸ் பெட்டி இருக்கும். ஃபியூஸைக் கழற்றி அதன் இரு முனைகளையும், அதைப் பிடிக்கும் கவ்விகளையும் பாருங்கள். பித்தளையில் களிம்பு ஏறிப் பச்சையாகவோ, சூட்டில் பழுத்துச் செம்பழுப்பாகவோ இருக்கும். நைசான உப்புத்தாளை உருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். கவ்விகளைக் குறடால் மெல்ல நெருக்கிவிடுங்கள். ஆனால் இதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான். கவ்விக்குப் பின்னால், ஒயர் செருகும் தகடு ஒரு ரிவெட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. களிம்பு அந்த ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவிலும் புகுந்திருக்கும். வெளியே பளபளக்கும், உள்ளே கடத்தாது. ஃபியூஸின் முனைக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே, ஓட்டத்தில், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ரிவெட்டில் சோல்டர் ஓட்டலாம். ஆனால் ஃபியூஸ் பெட்டி மலிவான பாகம், நான் மாற்றிவிடுவேன். முதலில் சொன்ன "மாற்றாதீர்கள்" என்பதற்கு இது விலக்கு.

ஃபியூஸ் வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். இந்தக் கார்களின் புத்தகத்தில் 35 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்பது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். பல நாடுகளில் விற்கும் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தொடர்ந்து தாங்கும் அளவு எழுதிய வகையில் 35-ஐ வாங்கிப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். அந்த வகையில் 15 அல்லது 20 போதும்.

வழியெங்கும் புல்லட் கனெக்டர்கள் வரும். கருப்பு ரப்பர் உறைக்குள் ஒரு தகட்டுக் குழல், இருபுறமும் குண்டு முனைகள். ஒயரைப் பிடித்து இழுக்காமல் குண்டைப் பிடித்துக் கழற்றுங்கள். குண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், குழலுக்கு உள்ளே தேய்க்க முடியாது, அது மலிவு, புதிது போடுங்கள். செருகும்போது கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். இன்சுலேஷன் டேப் சுற்றி முறுக்கிய இணைப்பு எங்காவது கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிட்டு ஒழுங்காகக் கிரிம்ப் செய்துவிடுங்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்தில் இன்னும் இரண்டு இருக்கும்.

விசிறி ஸ்விட்சில் வோல்ட் தொலைகிறது என்றால், அதைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் பித்தளைத் துண்டும் இருக்கும். மூடியை நெம்பிய நொடியில் ஸ்பிரிங் பறந்துவிடும், தரைவிரிப்பில் விழுந்தால் தேடவே வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு பிரியுங்கள். தொடுமுனையில் கரி படிந்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்து, மெல்லத் தேய்த்து, துளி கிரீஸ் தடவி மூடிவிடலாம். இண்டிகேட்டர் விஷயத்தில் இன்னொரு ஸ்விட்சையும் மறக்காதீர்கள்: ஹசார்ட் ஸ்விட்ச். இண்டிகேட்டருக்கான மின்சாரம் அதற்குள் புகுந்துதான் போகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாததால் உள்ளே களிம்பு. இருபது முப்பது முறை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். பல நேரங்களில் இண்டிகேட்டர் அதிலேயே உயிர்பெற்றுவிடும்.

மோட்டார் வரை முழு வோல்ட்டும் வருகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். எம்.ஜி.பி.யில் ஹீட்டர் பெட்டியைக் கழற்றாமலே மோட்டாரை மட்டும் எடுக்கலாம், கை நுழையும் இடம்தான் நெருக்கடி. வெளியே எடுத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகச் சுற்றினால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்திருக்கிறது: இரண்டு முனையிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், அளவுக்குத் தேய்த்து வேறு பிரஷ் போடலாம். திரும்ப மாட்டும்போது சுற்றும் திசையைக் கவனியுங்கள். நிலைக்காந்த மோட்டாரில் ஒயர் மாறினால் திசை மாறும். உருளை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியாகத்தான் வரும், பலவீனமாக வரும். மோட்டார் புதிது, ஓசையும் நன்றாக இருக்கிறது, காற்று மட்டும் போதவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். இரண்டு வேக விசிறி உள்ள கார்களில் அதிவேகம் மட்டும் வேலை செய்தால் மோட்டாரும் ஃபியூஸும் நலம், காற்றோட்டத்தில் வைத்திருக்கும் ரெசிஸ்டர்தான் அறுந்திருக்கிறது.

மின்சாரம் போதும், தண்ணீருக்கு வருவோம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஹீட் குமிழ் முழுதும் திறந்த நிலையில் (குமிழ் இறுகியிருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு வால்வின் நெம்புகோலைக் கையால் திறந்து), ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். கவனமாக, எஞ்சின் விசிறியையும் பெல்ட்டையும் விட்டுத் தள்ளி நின்று. இரண்டும் சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, கோளாறு காற்றுப் பக்கம். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் ஹீட்டரின் உள்ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்றுக்குமிழி நிற்கிறது. இரண்டுமே குளிர் என்றால் வால்வு திறக்கவில்லை. இரண்டும் வெதுவெது, எஞ்சின் வெப்பமானியும் மேலே ஏறவில்லை என்றால் ஹீட்டரில் ஒன்றுமில்லை, எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். இந்த எஞ்சினுக்கு வழக்கமானது 82 டிகிரி செல்சியஸ் தெர்மோஸ்டாட். வெயில் ஊர்களுக்கு 74, குளிர் ஊர்களுக்கு 88 என்று போடுவதுண்டு.

இந்த வால்வு, சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தி விடுகிற சாதாரணக் கருவி. உள்ளே உள்ள டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) விறைத்தால் ஒழுகும், துரு சேர்ந்தால் அசையாது. நெம்புகோலை வலுவாக அழுத்தித் திறக்க முயன்று உடைப்பதைவிட, இரண்டு போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிடுவது நல்லது. எடுத்த கையோடு ஹெட்டில் உள்ள துளைக்குள் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். பின்கோடித் துளை என்பதால் துருச்சேறு அங்கே கெட்டியாக அடைந்திருக்கும். புது வால்வும் புது ஹீட்டரும் போட்டும் சூடு வரவில்லை என்கிற பல வண்டிகளில் அடைப்பு இந்தத் துளையில்தான்.

உள்ரேடியேட்டரை அலச, இரண்டு ஹோஸையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் தோட்டத்துக் குழாயால் மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். முதலில் காபி நிறத்தில் வரும். தெளியும் வரை விடவும். அழுத்தத்தைக் கூட்டி வேகமாக முடிக்க நினைத்தால் பழைய சோல்டர் பிளந்து காருக்குள் கூலண்ட் ஊற்றும். ஏற்கெனவே கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போல மூடுபனி படிந்து, இனிப்பான வாசனையும் வந்தால் உள்ரேடியேட்டர் ஒழுகுகிறது, அதற்கு அலசல் மருந்தாகாது. அலசிய பிறகு வெறுமனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினால் மட்டும் போதாது. ஹீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். திரும்பும் ஹோஸ் திறந்திருக்க, வரத்து ஹோஸில் புனல் வைத்து, மறுபுறம் கூலண்ட் எட்டிப் பார்க்கும் வரை நிரப்பி, அப்புறம் மாட்டுங்கள்.

காற்றுப் பக்கத்தில் இருப்பது கதவுத் தகடுகளும் அவற்றின் ஓரம் ஒட்டிய ஸ்பாஞ்சும்தான். அந்த ஸ்பாஞ்ச் இந்நேரம் கருப்புத் தூளாகி உதிர்ந்திருக்கும். விசிறி போட்டதும் காலடியில் கருந்தூள் விழுந்தால் அதுதான். ஸ்பாஞ்ச் போனால் காற்று உள்ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு சூடேறாமலே வந்துவிடும். இதைச் சரிசெய்ய மட்டும் ஹீட்டர் பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். எம்.ஜி.பி.யில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்று ஊரறிந்த விஷயம். நீர் உறிஞ்சாத, மூடிய நுரை வகை ஸ்பாஞ்ச் பட்டையை ஒட்டுங்கள். பெட்டி வெளியே இருக்கும்போதே உள்ரேடியேட்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், மோட்டாரையும் பார்த்துவிடுங்கள். இரண்டாவது முறை அதைக் கழற்ற உங்களுக்கு மனசு வராது.

கேபிள் மாட்டும்போது: வால்வை முழுதும் மூடிய நிலையில் வையுங்கள், குமிழையும் மூடிய நிலையில் வையுங்கள், அதன் பிறகு கம்பியை நெம்புகோலில் இறுக்குங்கள். வெளி உறையைப் பிடிக்கும் கிளிப் வழுக்கினால் கம்பிக்குப் பதில் உறைதான் நகரும், குமிழ் திரும்பும், வால்வு திறக்காது. மூடும் பக்கம் சரியாக இருப்பது திறக்கும் பக்கத்தைவிட முக்கியம். வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தால் வெயில் காலத்தில் கால் வெந்துவிடும்.

பெட்ரோல் முள்ளின் ஆட்டத்துக்கு, ஃபியூஸ் பெட்டியைச் சரிசெய்த பிறகும் மிச்சம் இருந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி. உள்ளே ஈருலோகப் பட்டை சூடாகி, வளைந்து, இணைப்பைத் துண்டித்து, ஆறி, மறுபடி இணைத்து, சராசரியாக 10 வோல்ட் வெளியே விடும். இதன் எர்த் போனால் பட்டை சூடாகாது, முழு வோல்ட்டும் அப்படியே போகும், முள் உண்மைக்கு மேலே காட்டும். உள்ளே இணைப்பு அறுந்தால் முள் எழும்பவே எழும்பாது. வெப்பமானியும் மின்சாரத்தில் ஓடும் மாடல்களில் இரண்டு முள்ளும் சேர்ந்தே பொய் சொல்லும். அதுதான் அடையாளம். ஒன்று மட்டும் தப்பு என்றால் ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு டேங்கில் உள்ள மிதவையைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் இந்த 10 வோல்ட்டைப் படிக்க முடியாது, எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். சின்ன டெஸ்ட் லேம்ப் வைத்தால் விட்டு விட்டு எரிவது தெரியும். மாற்றுவதானால் 7810 என்ற 10 வோல்ட் சில்லு வைத்த எலக்ட்ரானிக் வகை நல்லது. பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும் அதற்கேற்றதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஹெட்லைட் மங்கலுக்குக் காரணம் தனி. உங்கள் வண்டியில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டேஷ்போர்டு ஸ்விட்ச், ஸ்டீயரிங் தண்டில் உள்ள டிம் ஸ்விட்ச் இரண்டையும் சுற்றிக்கொண்டுதான் முன்னால் போகிறது, ஃபியூஸும் இல்லை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட மிக வேகமாக விழும். 12-க்குப் பதில் 10.5 வோல்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதற்கு இரண்டு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) போடுவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ரிலேயில் எழுதியிருக்கும் முனை எண்களின்படி, பழைய நீல ஒயர் 86-ல், எர்த் 85-ல், ஃபியூஸ் வைத்த தடித்த ஒயர் ஒன்று பேட்டரி வரத்திலிருந்து 30-க்கு, 87-லிருந்து பல்புக்கு. பழைய ஸ்விட்சுகளுக்கு இனி ரிலே சுருளின் சின்ன மின்சாரம் மட்டும்தான், அவை இன்னும் பல வருடம் உழைக்கும். அசல் தோற்றம் கெடுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இரவில் ஓட்டாதவர்களுக்கு அந்தக் கவலை பொருந்தும். டட்சன் 240 இசட் வைத்திருப்பவர்களும் இதே காரணத்துக்காக இதே வேலையைச் செய்கிறார்கள்.

வேறு வண்டி வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன வோல்ட் அளவு எந்த வண்டிக்கும் பொருந்தும், ஹீட்டர் பகுதி பொருந்தாது. காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-ல் தண்ணீரே கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்றை ஓட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். அந்த எக்ஸாஸ்ட் குழாய் இற்றுத் துளை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராகக் காருக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஹீட்டர் போட்டதும் தலைவலி என்றால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். மூன்றாம் தலைமுறை கார்வெட்டில் ஹீட்டர் கதவுகளை இழுப்பது எஞ்சினின் வெற்றிடம். அதில் கோளாறு என்றால் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, கைப்பம்ப்பை எடுத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பு தேட வேண்டும்.

கடைசியாக ஹார்னஸ். அதை மாற்ற வேண்டிய நிலையும் உண்டு. சாவி ஸ்விட்சுக்குப் பின்னால் ஹார்னஸின் மேல்சுற்றை ஒரு விரல் நீளம் பிரித்துப் பாருங்கள். பழுப்பு ஒயரின் உறை மிருதுவாக, நிறம் மாறாமல் இருந்தால் ஹார்னஸ் நலம். வளைத்தால் உறை பொருக்காக உதிர்ந்தாலோ, பக்கத்து ஒயரோடு உருகி ஒட்டியிருந்தாலோ, எப்போதோ உள்ளே எரிந்திருக்கிறது. அந்தப் பகுதியைக் கண்டிப்பாக மாற்றுங்கள். முன்பக்க ஹார்னஸும் பின்பக்க ஹார்னஸும் தனித்தனியாகவே கிடைக்கின்றன, முழுதும் வாங்க வேண்டியதில்லை. இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, அளந்த வோல்ட் எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் எந்த எண்ணுக்காக எதை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.